கூடத்து முந்திரியும் பதினேழாம் மாடிக் காடும்

காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண்ணில் முந்திரிக்கொட்டை விழுந்த இடத்தில் முளைக்கும். வேலியோரம், சருகுக்கு அடி, யாரும் தண்ணீர் காட்டாத மேடு என்று எங்கே கிடந்தாலும் நல்ல மழை ஒன்று பெய்தால் போதும். அதே கொட்டையை எரு கலந்த மண் நிரப்பிய தொட்டியில் ஊன்றி, வீட்டுக் கூடத்தில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் விட்டு வளர்த்துப் பாருங்கள். முளைக்கும், ஒரு சாண் உயரம்கூட வரும். பிறகு மெலிந்து, வெளிறி, சில மாதங்களில் பட்டுப்போகும். கொல்லையில் அநாதையாகக் கிடந்தது மரமாகிறது. கூடத்தில் சீராட்டியது சாகிறது.

இந்த ஊர்கள் இருக்கும் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கைப்பேசியில் அனுப்பும் படங்களில் இப்போது ஒரு கட்டடம் அடிக்கடி வருகிறது. தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில், பதினேழாவது மாடியில், தலைக்கு மேல் கூரையோடு ஒரு காடு. அகன்ற இலைகள், கொடிகள், மரங்கள், நடுவே சுற்றிச் சுற்றி ஏறும் நடைபாதை. படத்தைப் பார்க்கிறவருக்கு நியாயமாகவே ஒரு கேள்வி வரும். நம் கூடத்தில் ஒரு கன்று பிழைக்கவில்லையே, அத்தனை மாடிக்கு நடுவில் ஒரு காடே எப்படிப் பிழைக்கிறது?

அந்தக் கட்டடத்தின் பெயர் கேப்பிட்டாஸ்பிரிங். முகவரி 88, மார்க்கெட் ஸ்திரீட். 280 மீட்டர் உயரம், 51 மாடிகள். 2021-இல் கட்டி முடிக்கப்பட்டது. டென்மார்க்கின் பியார்க்கே இங்கெல்ஸ் குழுவும் இத்தாலியின் கார்லோ ராட்டி குழுவும் சேர்ந்து வடிவமைத்தது. இரண்டாம், மூன்றாம் மாடிகளில் உணவங்காடி, மேலே தங்கும் அறைகள், அதற்கும் மேலே பதினேழிலிருந்து இருபதுவரை தோட்டம், பிறகு அலுவலகங்கள், உச்சியில் மறுபடியும் தோட்டம். கட்டடம் முழுவதும் சேர்த்து 80,000-க்கும் மேற்பட்ட செடிகள். திறந்திருக்கும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் ஏறிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு இது என்பதால், பெட்டகமும் கணக்குப் பலகையுமாகத் தமிழர்கள் உட்கார்ந்திருந்த இடம் என்ற உரிமையோடும் நாம் மேலே ஏறலாம்.

கண் சொல்லும் பொய்

கன்று செத்ததற்குப் பெரும்பாலும் நாம் தண்ணீரைச் சந்தேகிக்கிறோம், அடுத்து மண்ணை, அடுத்து உரத்தை. வெளிச்சத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. கூடம்தான் பளிச்சென்று இருக்கிறதே!

அந்தப் பளிச்சு கண் சொல்லும் பொய். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். பங்குனி, சித்திரை நடுப்பகலில் காடாம்புலியூரில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் விழுகிறது. நன்றாக விளக்குப் போட்ட அலுவலகத்தில் 500 லக்ஸ். வீட்டுக் கூடத்தின் நடுவில், பகலில், பெரும்பாலும் 100 முதல் 200. அதாவது வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்பதல்ல. ஐந்நூறு, ஆயிரம் மடங்கு. நமக்கு அது தெரியாமல் போவதற்குக் காரணம், கண்மணி விரிந்துகொடுக்கிறது, விழித்திரை தன் உணர்திறனை ஏற்றிக்கொள்கிறது. இருட்டிலும் வெயிலிலும் பாதை தெரிய வேண்டிய உயிருக்கு அது பெரிய வரம். இலைக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. விழுகிற ஒளிதான் அதற்குச் சாப்பாடு. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி வந்தால் வயிறு நிறைந்ததாக அது எண்ணிக்கொள்ள முடியாது.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. துல்லியமில்லை என்றாலும் இதற்குப் போதும். வாசலில் ஒருமுறை, திண்ணையில் ஒருமுறை, கூடத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். எண்கள் சரியும் வேகத்தைப் பார்த்தபின் வீட்டுக்குள் செடி வைக்கும் இடத்தை நீங்கள் வேறு மாதிரி தேர்ந்தெடுப்பீர்கள்.

ஒரு கன்றின் வரவு செலவு

கூடத்துக் கன்றின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

ஒளி படும்போது இலை சர்க்கரை செய்கிறது. அது வரவு. இலை, தண்டு, வேர் எல்லாம் உயிரோடிருக்க அந்தச் சர்க்கரையை எரிக்கின்றன. அது செலவு. வரவு பகலில் மட்டும். செலவு இருபத்து நான்கு மணி நேரமும். வெளிச்சம் குறையக் குறைய வரவும் குறைந்து, ஒரு கட்டத்தில் இலையின் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும். அந்த வெளிச்ச அளவை ‘ஈடுகட்டும் ஒளி’ என்று அழைப்போம். முந்திரி போன்ற வெயில் மரங்களுக்கு அது ஏறத்தாழ 1,000 முதல் 2,000 லக்ஸ் வரை இருக்கும். கணக்குக்காக 1,500 என்று வைத்துக்கொள்வோம்.

1,500 லக்ஸ் கிடைத்தால் கன்று பிழைத்துவிடுமா? பிழைக்காது. இலை ஒரு மணி நேரத்துக்கு ஒரு பங்கு சர்க்கரை செலவழிக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 24 பங்கு. 1,500 லக்ஸில் மணிக்கு ஒரு பங்கு வரவு. பன்னிரண்டு மணி நேரப் பகலில் 12 பங்கு. ஒவ்வொரு நாளும் 12 பங்கு துண்டு விழுகிறது. இரவுச் செலவை ஈடுகட்டவே பகலெல்லாம் இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். தண்டும் வேரும் சம்பாதிப்பதில்லை, செலவு மட்டும் செய்கின்றன. அவற்றுக்கும் சேர்த்தால் மூன்று மடங்கு, அதாவது 4,500 லக்ஸ். இதுவும் செத்துவிடாமல் இருக்க மட்டும்தான். ஒரு புது இலை விட வேண்டுமானால் இதற்கு மேல் வேண்டும். நம் கூடத்தில் இருப்பதோ 150.

அப்படியானால் கன்று முளைத்த வாரமே சாகாமல் எப்படிச் சில மாதம் தாக்குப்பிடித்தது? விடை நம் வட்டாரத்துத் தொழிலிலேயே இருக்கிறது. உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து விற்கும் முந்திரிப் பருப்பு என்பது அந்தச் செடியின் இரண்டு வித்திலைகள். தாய்மரம் வெயிலில் சம்பாதித்துப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கொழுப்பும் புரதமும் மாவும் அதற்குள் இருக்கின்றன. முளைக்கும்போது அந்த இரண்டு வித்திலைகளும் தடித்து, விரிந்து, மண்ணுக்கு மேலே வரும். கூடத்துக் கன்று ஒரு சாண் வளர்ந்தது முழுவதும் அந்தச் சேமிப்பில். உற்றுப் பார்த்தால் தெரியும்: கொல்லைக் கன்றின் கணுக்கள் நெருக்கமாக, தண்டு பருத்து இருக்கும், கூடத்துக் கன்றின் கணுக்கள் விலகி, தண்டு நூலாக நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும். ஒளி எங்கேயோ மேலே இருக்கிறது என்ற நம்பிக்கையில் கையிருப்பை எல்லாம் உயரத்தில் போட்டிருக்கிறது. வித்திலைகள் சுருங்கி உதிர்ந்த அன்று சேமிப்பு தீர்ந்தது. அதற்குப் பிறகு நடப்பது பட்டினி.

இன்னொன்றும் உண்டு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் செடி சர்க்கரையை எரிக்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. காங்கிரீட் கூரைக்கு அடியில், ஜன்னல் அடைத்த அறையில், மே மாத இரவு எவ்வளவு புழுக்கமாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். வரவே இல்லாத செடிக்கு அந்த இரவில் செலவும் கூடிப்போகிறது.

நிழலில் பிறந்தவை

அதே கூடத்தில், ஜன்னலோரம், பாட்டிலில் போட்ட மணி பிளாண்ட் ஆண்டுக்கணக்கில் தழைக்கிறதே என்று கேட்பீர்கள். பசிபிக் தீவுக் காடுகளில் மரத்தடி நிழலில் முளைத்து, மரத்தைப் பற்றி ஏறும் கொடி அது. அடர்ந்த மழைக்காட்டின் உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தரைக்கு வரும். அங்கே பிழைக்கும் செடிகள் செலவைக் குறைக்கக் கற்றவை. இலை மெல்லியது, அகலமானது; ஒரே இலையை நெடுங்காலம் வைத்திருக்கும்; மெதுவாக வளரும். இவற்றின் ஈடுகட்டும் ஒளி சில நூறு லக்ஸ்தான்.

கேப்பிட்டாஸ்பிரிங்கில் செடி தேர்ந்தெடுத்தவர்கள் மழைக்காட்டின் இந்த அடுக்கு வரிசையைத்தான் பின்பற்றினார்கள். வெளிச்சம் குறைந்த கீழ்த்தளங்களில் பெரிய இலைகொண்ட நிழல் செடிகள். மேலே போகப் போக ஒளி விரும்பும் சிறு இலை வகைகள்.

இது எளிதாகக் கிடைத்த அறிவு இல்லை. நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் ஃபோர்டு அறக்கட்டளைக் கட்டடம் 1967-இல் திறந்தபோது, பன்னிரண்டு மாடி உயரக் கண்ணாடிக் கூடத்துக்குள் பொதுமக்களுக்காக ஒரு தோட்டம் வைத்தார்கள். கெவின் ரோச் கட்டடம் வரைந்தார், டான் கைலி தோட்டம் வரைந்தார். இருவரும் அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்கள். ஆனால் முதலில் நட்ட மரங்களில் பல, வெளியே வெயிலில் வளரும் வகை. ஒளி போதாமல் அவை நிலைக்கவில்லை. பின்னாளில் வெப்பமண்டல நிழல் செடிகளுக்கே வர வேண்டியிருந்தது. எத்தனை பெரிய கலைஞர் வரைந்தாலும் இலையின் வரவு செலவுக் கணக்கு தனி.

வான்பங்கு

சரியான செடியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா? நிழல் செடிக்கும் சில நூறு, பாதுகாப்பாக ஆயிரம் இரண்டாயிரம் லக்ஸ் வேண்டும். கட்டடத்தின் நடுவயிற்றில் அதை எங்கிருந்து கொண்டுவருவது?

இலை இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். அங்கிருந்து வானம் எவ்வளவு தெரிகிறது? அந்த அளவை ‘வான்பங்கு’ எனலாம். நேர்வெயில் விழாத இடத்தில் இலைக்குக் கிடைக்கும் ஒளியில் பெரும்பகுதி இந்த வான்பங்கிலிருந்து வருகிறது. சாதாரண வீட்டில் ஜன்னல் தரையிலிருந்து மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும். ஜன்னலை விட்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளித் தரையில் வைத்த செடிக்கு, அடிவானத்திலிருந்து நாற்பத்தைந்து டிகிரி உயரம்வரை வானம் தெரியும். இன்னும் மூன்று மீட்டர் உள்ளே போனால் அது இருபத்தேழு டிகிரிக்கு இறங்கும். அதிலும் பாதியை எதிர்வீடு மறைத்திருக்கும்.

சிங்கப்பூர்த் தோட்டத்தின் உயரம் 35 மீட்டர். அலுவலக மாடியாகப் பிரித்து வாடகைக்கு விட்டால் எட்டு மாடி கிடைக்கும் உயரம் அது. அத்தனையும் விட்டுக்கொடுத்து ஒரே வெளியாக வைத்திருக்கிறார்கள். பகட்டுக்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் செடியின் பக்கமிருந்து பார்த்தால் வேறு வழியில்லை. வாயில் 35 மீட்டர் உயரமாக இருப்பதால், நம் வீட்டில் மூன்று மீட்டரில் கிடைத்த அதே நாற்பத்தைந்து டிகிரி வானம் அங்கே 35 மீட்டர் உள்ளே நிற்கும் செடிக்கும் கிடைக்கும். கட்டடத்தின் வெளிப்பக்கம் முழுவதும் வரிவரியாக ஓடும் செங்குத்துப் பட்டைகளைத் தோட்டத்தின் இடத்தில் மட்டும் திரையை ஒதுக்கியதுபோல விலக்கியிருக்கிறார்கள். கண்ணாடியும் கிடையாது. நகரத்தின் மற்றக் கோபுரங்கள் மறைப்பது போக மீதி வானம் உள்ளே வருகிறது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நடுப்பகலில் சூரியன் உச்சியில் நிற்கும். அப்போது மேலே இருக்கும் அலுவலக மாடிகள் அதை மறைக்கும். காலையும் மாலையும் சாய்ந்த வெயில்தான் உள்ளே நுழையும். ஆகவே வெளியே உச்சிவெயில் கொளுத்தும்போது அந்தக் காட்டுக்கு நிழல். வெளியே வெயில் தணியும் நேரங்களில் அதற்கு நல்ல வெளிச்சம்.

விளக்கு வெயில்

வானம் வராவிட்டால் விளக்குப் போட்டுவிடலாமே? போடலாம். உலகத்தில் பல உள்ளரங்கத் தோட்டங்கள் அப்படித்தான் நடக்கின்றன. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு நூறு லூமன் (ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ்) ஒளியை இலைமேல் சேர்க்கிறது என்று வைப்போம். ஒரு சதுர மீட்டர் நிழல் செடிக்கு 2,000 லக்ஸ் தர 20 வாட். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கால் யூனிட். சின்னத் தோட்டத்துக்குத் தாங்கும். ஆனால் ஒரு முந்திரி மரம் வேண்டுமென்று யாராவது ஆசைப்பட்டால்? அது ஒழுங்காக வளர 30,000 லக்ஸாவது வேண்டும் என்று கொள்வோம். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் குடைகொண்ட ஒரே மரத்துக்கு நாளொன்றுக்கு 90 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். அதைக் கிட்டத்தட்ட ஒரே நாளில் ஒரு மரம் தின்றுவிடும்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? காடாம்புலியூருக்குப் பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த செடிகொடிகள். அன்றைய இலைகள் பிடித்த வெயிலைத் தோண்டி எரித்து, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கி, கம்பியில் அனுப்பி, விளக்கில் ஒளியாக்கி, இன்றைய இலையின் மேல் ஊற்றுகிறோம். அந்த இலை அதிலும் நூற்றில் சில பங்கைத்தான் பிடிக்கும். வாசலில் வெயில் இலவசமாகக் கொட்டும் ஊரில் இப்படி ஒரு தோட்டம் வைப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

குளிர்ச்சி யாருக்கு?

செடி இருந்தால் குளிர்ச்சி என்பது உண்மை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூனிட் அளவு வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. நூறு லிட்டர் நீர் விடும் தோட்டம் ஒரு நாளில் அறுபது எழுபது யூனிட் வெப்பத்தை விழுங்கும்.

ஆனால் அந்த ஆவி வெளியே போக வேண்டும். கண்ணாடியால் மூடி ஏ.சி. போட்ட கூடத்துக்குள் செடி வைத்தால், இலை விட்ட ஆவி முழுவதையும் ஏ.சி. மறுபடி நீராக்கி வெளியே சொட்டவிட வேண்டும். அப்போது இலை விழுங்கிய வெப்பம் அத்தனையும் ஏ.சி.யின் தலையில் வந்து விழுகிறது. லாபம் சூன்யம்; மின் கட்டணம் கூடியதுதான் மிச்சம். நியூயார்க்கிலும் லண்டனிலும் பனிக்காலத்துக்காகத் தோட்டத்தைக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள், அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து நம் ஊரிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பனை நடுவது அறிவுக்குப் பொருந்தாது. காற்று நுழைந்து வெளியேறும்படி திறந்துவைத்த கேப்பிட்டாஸ்பிரிங் தோட்டமே வெப்பமண்டலத்துக்குச் சரியான பாடம்.

தொட்டிச் செடி அறைக்காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். 1989-இல் நாசாவுக்காக நடந்த ஓர் ஆய்வில் சிறிய மூடிய பெட்டிக்குள் செடி வைத்துச் சில நச்சு ஆவிகள் குறைவதைக் கண்டார்கள். வீடு மூடிய பெட்டி இல்லை. இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வந்த ஒரு மறுஆய்வு, ஜன்னல் இடுக்குகளில் தானாகப் போய்வரும் காற்று செய்யும் வேலையைச் செய்யவே ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறப்பது சுலபம்.

காய்க்க வேண்டுமென்றால்

பதினேழாம் மாடிக் காட்டில் இலைதான் காட்சி. காய்களைப் பார்க்க 51-ஆம் மாடிக்குப் போக வேண்டும். அங்கே திறந்த வானத்தின் கீழ் 150-க்கும் மேற்பட்ட வகைக் காய், கனி, கீரை, மூலிகைகள் வளர்க்கிறார்கள். காய்ப்பதற்குச் செடிக்கு உபரி வேண்டும். பிழைத்துக் கிடக்கிற செடி காய்க்காது.

இதை முந்திரி விவசாயி நன்றாக அறிவார். மரத்தில் பூங்கொத்து வருவது குடையின் வெளிவிளிம்பில், வெயில் படும் நுனிகளில். உள்ளே நிழலில் மாட்டிக்கொண்ட கிளைகளில் பூ வருவதில்லை. அந்த இலைகளின் கணக்கும் கூடத்துக் கன்றின் கணக்குதான். அடர் நடவில் கவாத்து செய்து உள்கிளைகளைக் கழிப்பது இதனால்தான். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்றை நெருக்கமாக நட்டு ஆண்டுதோறும் கவாத்து செய்யும் கொல்லையில், மரம் தாழ்ந்து, குடைக்குள் ஒளி புகுந்து, கைக்கெட்டும் உயரத்தில் பூ வரும்.

அப்படியானால் 51-ஆம் மாடியில் ஒரு முந்திரி நடலாமா? வெயில் தாராளம். தடை காற்றுதான். 100 மீட்டர் உயரத்தில் காற்று தரையை ஒட்டி வீசுவதைவிட ஒன்றரை மடங்கு வேகமாக இருப்பது சாதாரணம். 280 மீட்டரில் இரண்டு மடங்கைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. அதோடு காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். மூடினால் வெயில் இருந்தும் சர்க்கரை இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, காடாம்புலியூர் வட்டாரத்தில் தலைமுறை கண்ட முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்த ஊர் கண்ணால் பார்த்தது. அவை இறுகிய செம்மண்ணில் வேர்விட்டு நின்ற மரங்கள். மாடியில் ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை முதல் இரண்டு டன் எடை வரும்; கட்டடம் தாங்க வேண்டுமே என்று மண்ணைக் குறைத்தால் மரத்துக்குப் பிடிமானம் போய்விடும்.

நாளை கடலூரிலோ சிதம்பரத்திலோ யாராவது இப்படி ஒரு பொதுத்தோட்டத்தோடு உயரமான கட்டடம் எழுப்பினால், தெற்கு முகத்தை உயரமாகத் திறந்துவிடச் சொல்வேன். நம் ஊரில் மார்கழி நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ ஐம்பத்தைந்து டிகிரியில் நிற்கும்; அந்த வெயில் உள்ளே வெகுதூரம் வரும். ஏப்ரல் 20-ஐ ஒட்டி அது உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் 20வரை சற்று வடக்கே நகர்ந்துவிடும். கோடையில் தோட்டத்துக்குத் தானாகவே நிழல் கிடைக்கும். உள்ளே வெற்றிலை, மிளகுக்கொடி, மஞ்சள், சேம்பு போல நிழல் தாங்கும் செடிகள். மொட்டை மாடியில், மார்பளவு தடுப்புச் சுவருக்குள், ஆழத்தைவிட அகலம் கூடிய மண்பாத்தியில், சுவர் உயரத்துக்கு மேல் போகாமல் கவாத்து செய்த முந்திரி.